ஈகோ ஆணவம் அல்ல

போன மாதம் கும்பகோணத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த ஓர் உளவியல் பயிற்சியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மனத்தின் மூன்று கூறுகள் என்று தலைப்பு. கீழே 'இட், ஆணவம், மேலாணவம்'. ஈகோவை ஆணவம் என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். சூப்பர் ஈகோவுக்கு மேலாணவம் என்று போட்டதையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஈகோ லத்தீன் சொல். 'நான்' என்று பொருள், அவ்வளவுதான். வடமொழி 'அஹம்' அதற்கு உறவு. மனத்தை இப்படி மூன்றாகப் பிரித்த ஃபிராய்டு ஜெர்மன் மொழியில் எழுதியவர். 1923இல் வந்த நூலில் அவர் போட்டது ஜெர்மன் குழந்தையும் சொல்லும் 'நான்'தான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அதை லத்தீனாக்கினார்கள். நாம் அந்த லத்தீனுக்கு ஒரு வசைச்சொல்லைத் தேடிப் பிடித்தோம்.

ஃபிராய்டு சொல்வது என்ன? இட் என்கிற ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது, மனசாட்சி ஒரு பக்கம் அதட்டுகிறது, வெளியுலகம் ஒரு பக்கம் நெருக்குகிறது. நடுவில் நின்று சமாளிப்பதுதான் ஈகோ. அது இல்லாவிட்டால் ஒருவர் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாது. இதில் திமிர் எங்கே வந்தது? 'மேலாணவம்' இன்னும் கொடுமை. அப்பா அம்மாவின் அதட்டல் நமக்குள்ளேயே குடியேறி 'செய்யாதே' என்று சொல்கிறதே, அதற்குப் போய் இந்தப் பெயர். நம்மைத் தலைகுனிய வைப்பதை ஆணவத்துக்கும் மேலான ஆணவம் என்றால், படிக்கிற பிள்ளை தலைகீழாகத்தானே புரிந்துகொள்ளும்?

ஆணவத்துக்கும் இதில் அநியாயம் நடக்கிறது. திருவாவடுதுறை, தருமபுரம் சைவ மடங்கள் இருக்கிற மண் இது. சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்று மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு, மூன்று. நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல உயிரோடு ஆணவம் என்பார்கள். அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் ஒரு நெல்லை நகத்தால் கீறிப் பாருங்கள். உமி வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, கதிர் பிடித்த நாள் முதல் கூடவே இருப்பது. சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற நூலில் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்: இருட்டு மற்றப் பொருளை மறைத்தாலும் தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது. இப்படிப்பட்ட சொல்லைத் திமிருக்குப் பதிலியாக்கி, அதையும் ஃபிராய்டின் தலையில் கட்டினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

அகங்காரமும் உதவாது. பழைய இந்தியச் சிந்தனை மரபான சாங்கியத்தில் அது 'நான்' என்ற உணர்வை உண்டாக்கும் தத்துவம். இன்று யாருக்கு அந்தப் பொருள் தோன்றுகிறது? தன்முனைப்பு நல்ல சொல், ஆனால் தன்னையே முன்னால் தள்ளிக்கொள்ளும் குணத்துக்கு.

தெருவில் சொல்லும் ஈகோ வேறு. எங்கள் பக்கம் கடைமடையில் இரண்டு பங்காளிகள். முறைத்தண்ணீர் வந்தும், மடையைத் திறக்கச் சொல்லி யார் முதலில் வாய் திறப்பது என்று வரப்பில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். டீக்கடையில், 'ரெண்டு பேருக்கும் ஈகோ சார்' என்றார்கள். அவர்கள் பாட்டி இருந்திருந்தால் 'வறட்டு வீம்பு' என்றிருப்பார். அந்த இடத்துக்கு அதுதான் சொல்.

உளவியலில் ஈகோவுக்கு 'நான்', சூப்பர் ஈகோவுக்கு 'மேல்நான்', இட்டுக்கு 'அது' போதும். ஃபிராய்டு எழுதியதும் அப்படித்தான். 'நானுக்கு' என்று உருபு ஏற்காதே என்பார்கள். சரி, 'நான் என்பதற்கு' என்று எழுதுங்கள்.