முள்ளோடை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு

கடலூரில் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் பெட்ரோல் போட, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடை, கன்னியக்கோயில் பங்க்குகளுக்குத்தான் போகிறார்கள். புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அதில் தவறே இல்லை. ஆனால் ரிசர்வ் லைட் எரிந்த பிறகும், "ஞாயிற்றுக்கிழமை பாண்டி போகும்போது போட்டுக்கலாம்" என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறார்கள் பாருங்கள், அந்தக் கார்கள்தான், டேங்க்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் போய் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்படுகின்றன.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே இருக்கிறது. அது ஒரு சின்ன மின்சார மோட்டார். அதைச் சுற்றியும் அதன் வழியாகவும் ஓடும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது, தேய்மானத்தையும் குறைக்கிறது. டேங்க் அடிமட்டத்துக்குப் போனால் மோட்டார் சூடேறும், அடியில் கிடக்கும் அழுக்கையும் சேர்த்து இழுக்கும். ஒரே நாளில் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆவது, மேம்பாலம் ஏறும்போது இழுக்க மறுப்பது, வெயிலில் நின்றுபோய் அரை மணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆவது, பின்சீட்டுக்கு அடியில் புதிதாக ஒரு இரைச்சல் என முன்கூட்டியே சொல்லும். கால் டேங்க்குக்குக் கீழே போக விடாதீர்கள்.

சரி, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃபே அடிக்கவில்லை, 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பம்ப்பை அல்ல. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால், மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அது சாவியைக் கார் அடையாளம் காணாத பிரச்சினையாக இருக்கலாம். அதுவும் இல்லையா? ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் ஒருவரைக் காது கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் சுமார் 2 விநாடி 'உய்ங்' என்று கேட்கும். கேட்டால், மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் லைனில் பிரஷர் நிற்கவில்லை என்று சந்தேகப்படலாம். பல கார்களில் சுமார் 3 பார் பிரஷர் வேண்டும். அதைப் பிரஷர் கேஜ் வைத்துத்தான் பார்க்க முடியும், சத்தத்தை மட்டும் நம்ப முடியாது.

சத்தமே இல்லை என்றால் உடனே பம்ப் மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் பியூஸ். அப்புறம் பம்ப்புக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே, அதே எண் கொண்ட இன்னொரு ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அடுத்தது நம் ஊருக்கே உரிய கோளாறு. தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்) பின்களும், காரின் பாடியோடு சேரும் எர்த் இணைப்பும் உப்பு ஏறிப் பச்சை பூத்துவிடும். பம்ப்புக்குக் கரன்ட் ஒழுங்காகப் போகாது. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே ஓட வேண்டிய கார்களுக்குப் புதுப் பம்ப் போட்டுப் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பம்ப்பின் கப்ளரில் மீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள். கரன்ட் வந்தும் சுற்றவில்லை என்றால்தான் பம்ப் போய்விட்டது என்று அர்த்தம்.

டேங்க்கின் அடியில் தட்டினால் சில சமயம் ஓடும், உண்மைதான். வீடு வந்து சேர மட்டும் அது உதவும். ஆனால் சாலையோரத்தில் பெட்ரோல் லைனைக் கழற்றிப் பார்க்கவே கூடாது. உள்ளே பிரஷர் இருக்கும், சூடான என்ஜின் மேல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் காற்றுக்குழாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வதும் அதே ஆபத்துதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் மாதிரி மறுபடி வந்து கார் தண்ணீரில் நின்றுவிட்டால், சாவியைத் தொடவே வேண்டாம். டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, வடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பம்ப் மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் அடியில் உள்ள வலை கறுத்து அடைத்திருந்தால் டேங்க்கையும் கழுவச் சொல்லுங்கள். அதே அழுக்கில் இறக்கினால் புது வலையும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.