‘சக்’ சத்தத்தின் இயற்பியல்: டிஸ்கோ கிட்டார் எப்படி வேலை செய்கிறது?

டாஃப்ட் பங்க் என்ற இருவர் இசைக்குழு 2013 ஏப்ரலில் வெளியிட்ட ‘கெட் லக்கி’ பாட்டைக் கேட்கும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். புதுப் பாட்டு எப்படி 1978-இல் பதிவானதுபோல ஒலிக்கிறது? பழைய டேப்பா, பழைய மைக்கா, மென்பொருளா? அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸின் இரண்டு கைகளுக்குத்தான். எழுபதுகளில் ‘ஷீக்’ குழுவில் டிஸ்கோ கிட்டாருக்கு இலக்கணம் வகுத்தவரே இதிலும் வாசித்திருக்கிறார்.

டிரம்ஸ் கணக்கு எளிது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பேஸ் டிரம், இரண்டாம் நான்காம் அடிகளில் ஸ்னேர் என்ற சரசரக்கும் சிறிய டிரம். 1973 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவின் எர்ல் யங் பரப்பிய அச்சு இது. ‘கெட் லக்கி’க்கு வாசித்தவர் ஒமர் ஹக்கீம். மெஷின் அல்ல, ஆள்.

கிட்டார்தான் ருசியான பகுதி. வேகம் நிமிடத்துக்கு 116 அடி என்றால் ஓர் அடி 0.52 நொடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு துணுக்கு 0.13 நொடி. வலக்கை இந்தக் கணக்கில் கீழ், மேல், கீழ், மேல் என்று தறிநாடா மாதிரி நிற்காமல் ஓடுகிறது. எந்தத் துணுக்கில் சுரம் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இடக்கை. அழுத்தினால் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, கேட்கும். விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ‘சக்’.

அந்த ‘சக்’ ஏன் சுரமாகக் கேட்பதில்லை? திறந்த இரண்டாம் கம்பி நொடிக்கு 247 முறை அதிரும். ஓர் அதிர்வுக்கு 4 மில்லிநொடி. காது சுருதியைப் பிடிக்கச் சில அதிர்வுகளாவது வரிசையாக வேண்டும். விரலின் மெத்தென்ற சதை அதற்குள் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது. மிச்சம் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) உரசிய இரைச்சல் மட்டுமே. கிட்டார் அந்த நொடியில் தாளக் கருவியாகிவிடுகிறது!

இங்கேதான் புதிதாகப் பழகுபவர்கள் மாட்டுகிறார்கள். ‘சக்’ வர வேண்டிய இடத்தில் மணி அடித்ததுபோல ‘டிங்’ வரும். காரணம் பிளஸ் ஒன் பாடத்தில் படித்த நிலை அலைதான். கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட்டுகள். 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே கம்பியின் சரிபாதி. அங்கே ஒரு விரல் மட்டும் தொட்டால் அடிப்படை அதிர்வு செத்துவிடும். ஆனால் அந்தப் புள்ளியில் கணு (அசையாத இடம்) உள்ள இரண்டாம் சீரிசைக்கு, அதாவது அடிப்படையைப்போல் இரு மடங்கு வேகத்தில் அதிரும் அலைக்கு, விரல் இருப்பதே தெரியாது. அது பாட்டுக்கு ஒலிக்கும். 7-ஆம் ஃபிரெட்டில் மூன்றாம் சீரிசை, 5-இல் நான்காவது. மருந்து சுலபம்: இரண்டு மூன்று விரல்களைப் பக்கம் பக்கமாகப் படுக்க வையுங்கள். ஒரு விரலுக்குத் தப்பிய சீரிசை அடுத்த விரலில் மாட்டிக்கொள்ளும்.

கார்டு முழுதாக ஆறு கம்பிகளிலும் வேண்டாம். மெல்லிய கம்பிகள் மூன்று போதும். கீழ்ச் சுரங்கள் நேதன் ஈஸ்ட்டின் பேஸ் கிட்டாருக்கான இடம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் கூடாது. அது மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். சுரத்துக்கும் ‘சக்’குக்கும் உள்ள வித்தியாசம் போய்விடும்.

1960 மாடல் கிட்டார் வாங்கினால் இந்த ஒலி வந்துவிடும் என்று லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ராசிக்கல் மோதிரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ராட்ஜர்ஸ் வைத்திருப்பதும் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ரக மின்கிட்டார்தான், ஆனால் 0.13 நொடிக் கணக்கை அது போடுவதில்லை.

பழக நினைப்பவர்கள் மெட்ரோநோமை (தாள வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 அடியில் வைத்து, முதலில் வெறும் ‘சக்’ மட்டும் அடிக்கு நான்கு வாசிக்கட்டும். பிறகு ஏதாவது ஒரு துணுக்கில் மட்டும் அழுத்தலாம். சுரம் இல்லாத இடத்தில் வலக்கை நின்றால் தாளம் தடுமாறும். மேல்நோக்கி வரும் வீச்சு கம்பியில் சிக்கினால், பிக் ஆழமாக இறங்குகிறது என்று அர்த்தம். நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, மணிக்கட்டைத் தளர விட்ட பிறகு வேகத்தை 116-க்கு ஏற்றலாம்.