புஸ் எண்டா என்ன? கியர் தடிக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிற சாமானும் அதுக்குச் சரியான தமிழும்

யாழ்ப்பாணத்தில எந்தக் கராச்சுக்குப் போய் கியர் தடி லொட லொட எண்டு ஆடுது, றிவேர்ஸ் தேடித் தேடித்தான் விழுத்த வேண்டிக் கிடக்கு எண்டு சொன்னாலும் மெக்கானிக் அண்ணைமார் தடியை ஒருக்கா ஆட்டிப் பாத்திட்டு "புஸ் போட்டுது தம்பி" எண்டுதான் சொல்லுவினம். சொல்லுறவருக்கு விளங்கும், கேக்கிற ஆள் தலையை ஆட்டிப்போட்டு வீட்ட வந்து கியர்பொக்ஸ் போட்டுதாம், கன காசு முடியுமாம் எண்டு சொல்லுவார். ரெண்டும் ஒண்டே இல்லை. கியர்பொக்ஸ் பிரிக்கிறது பெரிய வேலை, புஸ் மாத்திறது கன காரில ஒரு பின்னேர வேலை, அதால இந்தச் சொல் என்னத்தைக் குறிக்குது எண்டு கார் வச்சிருக்கிற எல்லாரும் வடிவா அறிஞ்சு வச்சிருக்க வேணும் எண்டது என்ர நிலைப்பாடு.

புஸ் எண்டுறது ஒரு ஓட்டைக்கும் அந்த ஓட்டைக்குள்ள ஆடுற அல்லது சுத்துற பின் எண்ட இரும்புத் தண்டுக்கும் நடுவில இருக்கிற சின்னக் குழல். றப்பர், நைலோன், பித்தளை, வெண்கலம் எண்டு இடத்துக்கு ஏத்த மாதிரி வரும். இரும்போட இரும்பு நேர உரஞ்சினா ரெண்டும் தேஞ்சு போகும், அதால விலை குறைஞ்ச ஒரு சாமானை நடுவில வச்சு தேயிறதெண்டா நீ தேய் எண்டு விட்டிருக்கினம். தேயிறதுதான் அதின்ர தொழில், புஸ் தேஞ்சிட்டுது எண்டா அது தன்ர வேலையைச் செய்து முடிச்சிட்டுது எண்டு அர்த்தம். பேரிங்கும் இந்தச் சாதிதான், ஆனா பேரிங் எண்டா நாங்கள் குண்டு உருளுறதைத்தான் நினைப்பம், புஸ்ஸுக்குள்ள உருளுற ஒண்டும் இல்லை, வழுக்கல் மட்டும்தான். சஸ்பென்ஷன் ஆர்மிலயும் புஸ் இருக்கு, டைனமோவிலயும் இருக்கு, ட்ரான்ஸ்போமருக்கு மேல நிக்கிற பீங்கான் குழலையும் புஷிங் எண்டுதான் சொல்லுவினம், அங்க மட்டும் தேய்மானத்துக்கு இல்லை, கரண்டு பொடிக்குப் பாயாமல் இருக்கிறதுக்கு.

எங்கட புஸ் இங்கிலிஸில புஷ் (bush). அகராதியைத் திறந்தா அதுக்கு முதல் வாறது பத்தை, அதைப் பாத்து கியர் புதர் எண்டு மொழிபெயர்த்து வச்சிருக்கிறதைக் கண்டா வயிறு எரியும், ஏனெண்டா பத்தைக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, ஒலி மட்டும்தான் ஒண்டு. இந்த புஷ் 15ஆம் நூற்றாண்டு கடைசியில ஒல்லாந்துப் பக்கத்துச் சொல்லில இருந்து இங்கிலிஸுக்குள்ள போனது. அங்க புஸ்ஸ எண்டா பெட்டி, குழல், சில்லின்ர நடுவில அச்சுப் போற ஓட்டைக்கு உள்ளால வைக்கிற இரும்பு. அதுக்கு முந்தி லத்தீனில புக்சிஸ், அதுக்கும் முந்தி கிரேக்கத்தில பிக்சிஸ், அதாவது மரத்தில கடைஞ்ச சின்னப் பெட்டி. இங்கிலிஸில பொக்ஸ் எண்ட சொல்லும் அதே வேரில இருந்துதான் வந்தது, அப்ப கியர்பொக்ஸில இருக்கிற பொக்ஸும் அதோட சேர்ந்த புஸ்ஸும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள். ஒல்லாந்தர் 1658இல யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சு 1795 வரைக்கும் இருந்தவை, கந்தோர், கக்கூசு எல்லாம் அவை விட்டிட்டுப் போன சொல்லுகள், ஆனா புஸ் அவையோட நேர வந்திறங்கேல்லை, பிறகு இங்கிலிஸ்காரன்ர மெசினோட சுத்தி வந்திருக்கு.

இனி தமிழ். எங்கட வண்டில் சில்லில நடுவில இருக்கிறது குடம், சங்கப் பாட்டில தேர்ச்சில்லின்ர குடத்துக்கு குறடு எண்டு ஒரு சொல் இருக்கு. வடிவான சொல்தான், ஆனா இண்டைக்கு குறடு எண்டு கேட்டா ஆணி பிடுங்கிற சாமானைத்தான் எடுத்துத் தருவினம், அதோட குடம், குறடு ரெண்டும் சில்லின்ர நடுக்கட்டையே தவிர அதுக்குள்ள வைக்கிற குழல் இல்லை. பூண் எண்டு சிலர் சொல்லுகினம், அது உலக்கைக்குப் போடுற மாதிரி வெளியால இறுக்கிறது, இது உள்ளால இறுக்கிறது. உள்ளுறை எண்டு எழுதினா இலக்கணம் படிச்ச ஆக்கள் உள்ளுறை உவமத்துக்குப் போயிடுவினம். எனக்குச் சரியாப் படுறது துளையுறை. உறை எண்டா வாளுறை, தலகணியுறை மட்டும் இல்லை, மணல் தரையில கிணறு வெட்டினா மண் இடிஞ்சு விழாமல் இறக்கிறதும் உறைதான், கீழடியில தோண்டி எடுத்த உறைகிணறும் அந்த உறைதான். ஓட்டையின்ர உள் சுவரைக் காப்பாத்திற வளையத்துக்கு தமிழன் எப்பவோ வச்ச பேர் அது, புதுசாக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, முன்னுக்கு துளை எண்டு சேர்த்தாக் காணும்.

கியர் விசயத்தில துளையுறை ரெண்டு மூண்டு இடத்தில இருக்கு. தடியின்ர அடியில உருண்டை மாதிரி ஒரு முனை இருக்கும், அது உக்காருற நைலோன் கிண்ணம் ஒண்டு. முன் சில்லு இழுக்கிற கார்களில தடியில இருந்து கியர்பொக்ஸுக்கு றொட் போகும், இல்லாட்டி ரெண்டு கேபிள் போகும், ஒண்டு இடம் வலமாத் தெரிவு செய்யிறதுக்கு, மற்றது முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளுறதுக்கு, அதின்ர ரெண்டு அந்தத்திலயும் புஸ் இருக்கும். எஞ்சின் பக்கத்துப் புஸ்ஸுக்குச் சூடும் எண்ணையும் படுறதால அது கெதியில போயிடும். கழட்டி எடுத்துப் பாத்தீங்களெண்டா வட்டமா இருந்த ஓட்டை நீளவட்டமாக் கிடக்கும், நைலோன் எண்டா ஓரம் வெடிச்சு மஞ்சளாப் போயிருக்கும், றப்பர் எண்டா நகத்தால அமத்தத் தூள் கொட்டும். சில நேரம் புஸ் முழுசாவே விழுந்து கேபிள் பின்னில இருந்து கழண்டிடும், அப்ப தடி எங்க வேணுமெண்டாலும் போகும், கியர் மட்டும் விழாது, றோட்டில நடுவில நிக்க வேண்டியதுதான்.

புஸ்தானோ எண்டு பாக்கிறது லேசு. எஞ்சினை நிப்பாட்டி, ஹான்ட்பிறேக் இழுத்து, சில்லுக்குக் கட்டை வச்சு, ஒரு ஆள் உள்ளுக்க இருந்து தடியை மெல்ல ஆட்ட மற்ற ஆள் பொனற்றைத் திறந்து கியர்பொக்ஸ் பக்கத்துக் கையை, அதாவது கேபிளோ றொட்டோ கொழுவியிருக்கிற நெம்புகோலைப் பாக்க வேணும், தடி அசைஞ்சும் கை அசையாமல் கொஞ்ச நேரம் நிண்டா அந்த இடைவெளிதான் தேய்மானம். எஞ்சின் நிக்கேக்க கியர் சுகமா விழுந்து எஞ்சின் ஓடேக்க மட்டும் விழாட்டி அது கிளச், புஸ்ஸில பழி போடக்கூடாது. கியர் போடேக்க கறகற எண்டு சத்தம் வந்தாலும் கிளச்சையும், கியர்பொக்ஸுக்குள்ள கியரின்ர வேகத்தைச் சமப்படுத்திற சின்க்ரோவையும்தான் பாக்க வேணும்.

மாத்தேக்க கிளிப்பையோ ஸ்பிளிட் பின்னையோ கழட்டி, கேபிள் முனையை நேர மேல இழுக்க வேணும், ஸ்க்றூட்றைவரைக் குடுத்துக் கோணலா நெம்பினா கேபிள் முனை உடையும், பிறகு முழுக் கேபிளும் வாங்க வேணும். பின்னை வடிவாத் துடைச்சு விரலால தடவிப் பாருங்கோ, பின்னில பள்ளம் இருந்தா புதுப் புஸ் போட்டும் பிரயோசனம் இல்லை. நைலோன் புஸ் இறுக்கமெண்டா சுடுதண்ணியில கொஞ்ச நேரம் போட்டா இளகும், வைஸில வச்சு மெல்ல அமத்தினாப் போயிடும், சுத்தியல் வேண்டாம். றப்பருக்கு சாதாரண கிறீஸ் பூசாதேங்கோ, பெற்றோலிய எண்ணை சில றப்பரை ஊத வைக்கும், சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கோ.

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணையில மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் ஓடின ஊர் இது, பார்ட்ஸ் வராத காலம், லேத்தில பித்தளை கடைஞ்சு புஸ் போட்டுச் சமாளிச்சினம், அந்தக் கைவேலைக்கு நான் தலை வணங்குவன். ஆனா இண்டைக்கு றப்பர் இருந்த இடத்தில பித்தளை போட்டா எஞ்சின்ர நடுக்கம் எல்லாம் தடிக்கு ஏறும், கிறீஸ் காஞ்சா பின்னும் தேயும், அதால கொம்பனி என்ன சாமான் போட்டதோ அதையே போடுறது நல்லம்.

கடையில போய் வெறுமன கியர் புஸ் எண்டு கேட்டா என்ன வரும் எண்டு சொல்லேலாது, கொழும்பில பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி எடுப்பிச்சும் பிழையான சாமான் வந்து சேரும். பழசைக் கையில கொண்டு போங்கோ, செசி நம்பரை எழுதிக்கொண்டு போங்கோ, எந்த முனை எண்டதைச் சொல்லுங்கோ: தடியடிப் புஸ், தெரிவுக் கேபிள் புஸ், தள்ளு கேபிள் புஸ். எழுத்தில எண்டா தடியடித் துளையுறை, கேபிள் முனைத் துளையுறை எண்டு எழுதலாம், வாயில புஸ் எண்டே கதைக்கலாம், அதில ஒரு குறையும் இல்லை.