ஸ்டீராய்டு பலன் தருமா? கல்லீரல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு

அளவுமீறிய குடியால் கல்லீரல் அழற்சி முற்றி, மஞ்சள் காமாலையோடு வருபவருக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை தினம் 40 மி.கி. வீதம் 28 நாள் கொடுப்பார்கள். அது உயிரைக் காக்குமா என்று 1970களிலிருந்தே ஆய்வுகள் நடக்கின்றன. பெரும்பாலானவை சில பத்து நோயாளிகளை மட்டும் கொண்டவை. முடிவுகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 2015இல் வெளியான பிரிட்டனின் ஸ்டோபா ஆய்வில் 1,103 பேர் இருந்தார்கள். அதில் 28 நாளுக்குள் இறப்பதற்கான ஆட்ஸ் விகிதம் (இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரு குழுக்களிடையே ஒப்பிடும் எண்) 0.72, அதன் 95% நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 0.52 முதல் 1.01 வரை. 1 என்றால் மருந்தால் வித்தியாசமே இல்லை. இடைவெளியின் மேல்முனை மயிரிழையில் அதைத் தாண்டிவிட்டதால் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் வருகிறது. எல்லா ஆய்வின் நோயாளிகளையும் ஒரே கும்பலாகக் கொட்டி எண்ணுவதல்ல அது. ஒவ்வொரு ஆய்வும் தன் துல்லியத்துக்கேற்ற எடை பெறுகிறது. ஸ்டோபாவையே எடுத்துக்கொள்வோம். 1.01, 0.52 இரண்டின் இயல் மடக்கைகளைக் கழித்து 3.92ஆல் வகுத்தால் திட்டப்பிழை (முடிவு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) 0.169. அதன் வர்க்கத்தின் தலைகீழ் ஏறத்தாழ 35, இதுதான் எடை.

இத்துடன் கற்பனையாக ஒரு சிறிய ஆய்வைச் சேர்ப்போம். இரு குழுவிலும் 30 பேர். மருந்து எடுத்தவர்களில் 6 பேரும் எடுக்காதவர்களில் 10 பேரும் இறந்தார்கள். ஆட்ஸ் விகிதம் 0.5. மாறுபாடு (திட்டப்பிழையின் வர்க்கம்) 1/6 + 1/24 + 1/10 + 1/20, அதாவது 0.358. எடை 2.8தான். ஆனால் எல்லா ஆய்வுகளிலும் மருந்தின் பலன் ஒன்றே என்று கொள்ளும் நிலை விளைவு முறையில் இரண்டையும் சேர்த்தால் விகிதம் 0.70, இடைவெளி 0.51 முதல் 0.96 வரை. வெறும் 60 பேர் வந்ததும் ‘நிச்சயமில்லை’ என்பது ‘பலன் உண்டு’ என்றாகிவிட்டது!

இதே அளவில் இன்னோர் ஆய்வு நேர்மாறான முடிவோடு, வெளியிடப்படாமல் யாருடைய மேசை இழுப்பறையிலாவது கிடந்தால்? அதையும் சேர்த்தால் மேல்முனை 1.03க்குத் திரும்பிவிடும். ஆகவே கணக்கைவிட தேடலுக்குத்தான் உழைப்பு அதிகம் தேவை: தரவுத்தளங்களோடு ஆய்வுப் பதிவேடுகளையும் துழாவ வேண்டும், இருவர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும், எதைச் சேர்ப்பது என்ற விதியை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். இப்படிச் சில முடிவுகள் மட்டும் அச்சேறும் வெளியீட்டுச் சாய்வைக் காட்டும் புனல் வரைபடம் (ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் துல்லியத்தையும் புள்ளியாகக் குறிப்பது) பத்து ஆய்வுகளுக்குக் குறைவாக இருந்தால் கண்ணை ஏமாற்றும்.

அடுத்த சிக்கல் நோயாளிகள் ஒரே மாதிரி இல்லாதது. நோயின் கடுமையை அளக்கும் மேட்ரே மதிப்பெண் 32க்கு மேல் போனால் நோய் தீவிரம். (இரத்தம் உறைய ஆகும் புரோத்ராம்பின் நேரம் இயல்பைவிட எத்தனை விநாடி அதிகமோ அதை 4.6ஆல் பெருக்கி, மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினின் அளவைக் கூட்ட வேண்டும்.) இதற்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் இறப்பதில்லை. அவர்களையும் கலந்தால் மருந்தின் பலன் நீர்த்துப்போகும். ஆய்வுகளுக்கிடையே முரண்பாடு அதிகம் என்று கண்டதும் பலர், பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் சமவாய்ப்பு விளைவு முறைக்குத் தாவுகிறார்கள். அது சிறு ஆய்வுகளின் எடையை ஒப்பீட்டளவில் கூட்டிவிடும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல வழி, ஒவ்வொரு நோயாளியின் மூலப் பதிவையும் கேட்டு வாங்குவது. வருடக்கணக்கில் இழுக்கும் வேலைதான். 2018இல் வெளியான அப்படியொரு தொகுப்பில் 11 ஆய்வுகளின் 2,111 பேர் இடம்பெற்றார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு 28 நாளுக்குள் இறக்கும் ஆபத்து 36% குறைவு. 90ஆம் நாளில் வித்தியாசம் இல்லை. அச்சான மொத்த எண்களை வைத்து மூன்று மாதம் வரை பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வோ தெளிவான பலன் இல்லை என்றது. இரண்டும் மோதுவதாகப் பேசுகிறார்கள். அளந்த நாள்தான் வேறு.

ஸ்டீராய்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டோபாவில் கடும் தொற்று அதை எடுத்தவர்களில் 13%, மற்றவர்களில் 7%. எனவே 7ஆம் நாள் பிலிருபின் எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும் லீல் மதிப்பெண் போடுகிறார்கள், 0.45ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்துவதே வழக்கம்.