ஸ்டேஜ்: நிலையா, கட்டமா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சுற்றமும் நட்பும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஸ்டேஜ்?” மார்பகமா, நுரையீரலா, எந்த வகை என்பதெல்லாம் அப்புறம்தான். கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது, ‘இன்னும் எவ்வளவு காலம்?’ என்பதை. அதற்கு விடை சொல்ல உண்டான சொல் அல்ல இது.

நோயைக் கண்டறியும் வேளையில் அது உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் குறிக்கவே மருத்துவர்கள் ஸ்டேஜ் என்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் போலன்றிக் கட்டியாகத் திரளும் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இன்று வழங்கும் டி.என்.எம். முறையை 1943க்கும் 1952க்கும் இடையில் வகுத்தவர் பிரான்சைச் சேர்ந்த பியர் தெனுவா. டி என்பது மூலக்கட்டியின் அளவும் அது ஊடுருவிய ஆழமும். என், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள். எம், தொலைவிலுள்ள உறுப்புகளில் நோய் வேர்விட்டிருப்பது. மார்பகத்தில் 2 செ.மீ.க்கு மிகாத கட்டி டி1, அதைத் தாண்டி 5 செ.மீ. வரை டி2. இப்படி மூன்றையும் கூட்டிப் பார்த்து 0 முதல் 4 வரை ஓர் எண் தருகிறார்கள். தோன்றிய படலத்தைத் தாண்டாமல் செல்கள் அங்கேயே அடங்கியிருந்தால் 0.

4 என்றால் உடலெங்கும் பரவிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாய்ப்புற்றுநோய் தாடை எலும்பைத் துளைத்துவிட்டால், கழுத்தைத் தாண்டிப் போகாமலே அது 4ஆம் நிலை. மாறாக, தைராய்டில் பரவலாகக் காணப்படும் பாப்பில்லரி வகை 55 வயதுக்குக் குறைந்தவருக்கு வந்தால், நுரையீரல்வரை போயிருந்தாலும் 2ஆம் நிலைதான். அந்த வயதினருக்கு 3, 4 என்ற எண்களே கிடையாது. விரைப்புற்றுநோயில் யாருக்குமே 4 இல்லை. மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் அந்நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அதற்கு 3ஆம் நிலை என்றே பெயர். அவர் குணமடைந்தார். நிணநீர் மண்டலப் புற்றுநோய்களில் ஒன்றான ஹாட்ஜ்கின் லிம்போமாவில் 4ஆம் நிலையிலும் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஆக, நோயின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்கூட இல்லை.

இன்னொன்று: முதலில் இட்ட எண் பொதுவாக மாறுவதில்லை. 2ஆம் நிலையில் சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோய் சில ஆண்டுகள் கழித்து எலும்பில் தலைகாட்டினால், ‘2ஆம் நிலை மார்பகப் புற்றுநோய், இப்போது எலும்பில் பரவல்’ என்றே குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கில ஸ்டேஜ் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் கிடப்பது ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை. தமிழில் ‘நில்’ என்னும் வினையிலிருந்து ‘நிலை’. பழைய பிரெஞ்சுச் சொல் கட்டடத்தின் அடுக்கையும் குறித்தது. நாமும் ஏழுநிலைக் கோபுரம் என்கிறோம். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இவ்வளவு பொருந்தி வரும் மொழிபெயர்ப்பு கலைச்சொல்லாக்கத்தில் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆனாலும் செய்தித்தாள்கள் ‘கட்டம்’ என்பதையே விரும்புகின்றன. கட்டம் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவது. 1இல் தொடங்கி 4இல் முடியும் ஒரு பயணம் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. பலருக்கு நோய் 3ஆம் நிலையில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. பலருக்கு 1ஆம் நிலையோடு ஒழிந்துபோகிறது. ‘4ஆம் நிலை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இறுதிக் கட்டம்’ என்று எழுதுவது மொழிபெயர்ப்பே அல்ல, தீர்ப்பு. ‘நிலை’யிலும் ஒரு சிக்கல் உண்டு: ‘நோயாளியின் நிலை’ என்றால் அவர் இன்று எப்படி இருக்கிறார் என்றே பொருள்படும். குழப்பம் வரும் இடங்களில் ‘பரவல் நிலை’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டேஜோடு எப்போதும் குழப்பப்படும் இன்னொரு சொல் கிரேடு. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுச்செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு திரிந்திருக்கின்றன என்பதன் அளவு அது. இதைத் ‘தரம்’ என்கிறோம். கூடுதல் கிரேடு என்பதை ‘உயர்தரப் புற்றுநோய்’ என்று மொழிபெயர்த்தால், ஏதோ நல்ல சரக்கு போல் ஒலிக்கும்; இலங்கை வாசகருக்கோ அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வான ‘உயர்தரம்’ நினைவுக்கு வரும். ‘வீரியம் மிகுந்த’ என்று எழுதுவது மேல். மூளைக்கட்டிகளுக்கு ஸ்டேஜ் வகுப்பதே வழக்கமில்லை. அவற்றுக்கு 1 முதல் 4 வரை கிரேடு மட்டும்தான். ‘4ஆம் கட்ட மூளைப் புற்றுநோய்’ என்று செய்தியில் வந்தால், அது பெரும்பாலும் 4ஆம் தரக் கட்டியான கிளியோபிளாஸ்டோமாவாக இருக்கும்.