ஹோலோடைப்: மூலமாதிரி

புதிய அந்துப்பூச்சி இனம் ஒன்றுக்குப் பெயர் சூட்டும்போது, அந்தப் பெயரைத் தாங்குவதற்கென்று ஆய்வாளர் குறித்து அறிவிக்கும் ஒரே ஒரு பூச்சிதான் ஹோலோடைப். ஓர் இனம் என்று நினைத்திருந்தது உண்மையில் இரண்டு இனங்கள் எனப் பின்னாளில் தெரியவந்தால், ஹோலோடைப் எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கத்துக்கே பழைய பெயர் போகும்.

கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை. ‘டைப்போஸ்’ என்றால் அடித்துப் பதித்த தடம், அச்சு. இதை ‘முழுவகை’ என்று பெயர்த்தால் தவறான எண்ணமே உண்டாகும். இறகு ஒடிந்த, உணர்கொம்பு உதிர்ந்த பூச்சியும் ஹோலோடைப் ஆகலாம். பெயரின் பொறுப்பு முழுவதும் ஒன்றன்மேல் இருக்கிறது என்று கொள்வதே சரி. ‘வகை’ என்றால் நமக்குப் பிரிவு என்றே படும். ‘முன்மாதிரி’ இன்னும் மோசம்: இனத்தின் சராசரி வடிவத்தைக் காட்டும் பூச்சி என்று அது நம்பவைத்துவிடும். ஹோலோடைப் அப்படி இருக்கத் தேவையே இல்லை. சுவடிப் பதிப்பில் ஐயம் வந்தால் மூலத்தைப் பார்க்கிறோம். இங்கும் அதே வேலைதான். ஆகவே ‘மூலமாதிரி’ என்பதே தகும்.

சிறு அந்துப்பூச்சிகளில் மூலமாதிரியைத் தேர்வது நுணுக்கமான வேலை. முன்னிறகு மூன்று நான்கு மில்லிமீட்டரே இருக்கும். செதில்கள் உதிர்ந்தால் இறகுக்கோலமும் போயிற்று. இனங்களைப் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்புகள்தாம். ஆண் பூச்சி இணையும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் பற்றுமடல்களில் வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்பதால் பலரும் ஆணையே தேர்கிறார்கள்.

உலர்ந்த வயிற்றை இடுக்கியால் கீழிருந்து மேலாக மெல்ல நெம்பினால் தனியே வந்துவிடும். அதைப் பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடம் சூடாக்கலாம். அல்லது அறை வெப்பத்தில் ஓரிரவு விடலாம். பிறகு நீரில் கழுவி, எழுபது விழுக்காடு எத்தனாலில் மென்தூரிகையால் செதிலையும் கொழுப்பையும் நீக்கி, சாயமேற்றி, செறிந்த ஆல்கஹாலில் நீர் அகற்றி, யூபரல் என்னும் பிசினில் கண்ணாடித் தகட்டின்மேல் பதிக்க வேண்டும். கரைசலில் அதிக நேரம் கிடந்தால் மென்சவ்வுகள் கரைந்துபோகும். குறைந்தால் கொழுப்பு தங்கி உறுப்புகளின் விளிம்பு தெரியாது. மூடுகண்ணாடியை அழுத்தினால் மடல்கள் நசுங்கி, உண்மையில் இல்லாத வடிவம் வரைபடத்தில் வந்துவிடும்.

இவற்றைவிடக் கெடுதலானது எண் பிசகுவது. நுண்ணூசியில் நிற்கும் உடலும் கண்ணாடித் தகட்டில் இருக்கும் வயிறும் சேர்ந்ததே ஒரு மூலமாதிரி. தகட்டின் எண்ணை அறுவை முடிந்த உடனேயே ஊசியில் உள்ள சீட்டிலும் எழுத வேண்டும். சேகரித்த இடம், உயரம், நாள், சேகரித்தவர் ஆகியவற்றுக்குத் தனிச்சீட்டு. மூலமாதிரி என்பதற்கு வழக்கமாகச் சிவப்புச் சீட்டு.

1999-க்குப் பின் வெளியான இனப்பெயர் செல்லுபடியாக, விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி மூலமாதிரியையோ, பெயரைச் சேர்ந்து தாங்கும் இணைமாதிரிகளையோ வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அது எந்தச் சேகரத்தில், எந்த ஊரில் வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். இதைத் தவறவிட்டால், படமும் டிஎன்ஏ வரிசையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெயர் நிற்காது.

தக்காளியைத் துளைக்கும் ஊசிப்புழுவின் அந்துப்பூச்சியைப் பாருங்கள். 1917-இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் மெய்ரிக் அதை ஃப்தோரிமேயா பேரினத்தில் வைத்து ‘அப்சொலூட்டா’ எனப் பெயரிட்டார். பேரினம் பலமுறை மாறி, 1994-இல் டூட்டா ஆகி, அண்மையில் மீண்டும் ஃப்தோரிமேயாவுக்கே வந்திருக்கிறது. ‘அப்சொலூட்டா’ மட்டும் அசையவில்லை. அந்தப் பெயர் பெரு நாட்டிலிருந்து வந்த பூச்சியோடு கட்டப்பட்டது.

உடன்பிறப்புச் சொற்களையும் இதே அடியில் அமைக்கலாம். மூலமாதிரியோடு சேர்த்து அறிவிக்கப்படும் மற்றவை துணைமாதிரிகள் (பாராடைப்). இவை பெயரைத் தாங்குவதில்லை. ஒன்றைத் தனித்துக் குறிக்காமல் பலவும் சேர்ந்து தாங்கினால் இணைமாதிரிகள் (சின்டைப்). அவற்றிலிருந்து பின்னர் ஒன்றைப் பொறுக்கினால் தேர்வுமாதிரி (லெக்டோடைப்). பெயர்தாங்கிய மாதிரி அழிந்துபோய், பெயர்ச்சிக்கலும் எழுந்தால் மட்டுமே புதுமாதிரி (நியோடைப்) நிறுவலாம். தொலைந்தது பிறகு கிடைத்துவிட்டால், பெயரிடல் ஆணையம் வேறு தீர்ப்புச் சொன்னாலொழிய, புதுமாதிரி விலகிப் பழையதே பெயரைத் தாங்கும்.