கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி கம்ப்ரஸர் வருதா? கொஞ்சம் நிறுத்துங்க

கோயில் ஓவியம், கல்வெட்டு, சுதை இதெல்லாம் சுத்தம் பண்ணிப் பாதுகாக்கறதுதான் என் வேலை, பதினாறு வருஷமா பண்றேன். காவிரிக் கரைல ஒரு சின்ன சோழர் கால சிவன் கோயில், முன்மண்டப விதானத்துல ஏதோ கலர் தெரியுது வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க. நான் போய்ச் சேர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சாண்ட் பிளாஸ்டிங் பண்ற கம்ப்ரஸர் (காத்து வேகத்துல மணலைப் பீய்ச்சி அடிக்கற மெஷின்) வந்து இறங்கி மேற்குப் பக்க அதிஷ்டானம், அதாவது சுவருக்குக் கீழ இருக்கற கல் அடித்தளம், முழுக்க மணலை அடிச்சு முடிச்சுட்டாங்க, கல்லு நேத்து வெட்டி வச்ச மாதிரி வெளேர்னு நிக்குது. திருப்பணிக் கமிட்டிப் பெரியவருக்கு அவ்ளோ சந்தோஷம். "பாருங்க தம்பி, எத்தனை வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு, ஒரே நாள்ல போயிடுச்சு"ன்னார்.

அந்த அடித்தளத்துல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற குமுதத்து வரிசைக் கல்லு மேல கையை வச்சுத் தடவினேன், தேஞ்சுபோன காசைத் தடவற மாதிரி இருந்துச்சு. கல்வெட்டு எழுத்துக்கு பல இடத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் ஆழமே, அவ்ளோ வேகத்துல மணலை அடிச்சா அழுக்கோட சேர்ந்து கல்லோட மேல்தோலும்தான் உரிஞ்சு வரும். அதுக்கப்புறம் சொரசொரன்னு ஆயிடற கல்லுல எண்ணெயும் தூசியும் முன்னைவிட சீக்கிரமா ஒட்டும், மழைத் தண்ணி உள்ள இறங்கும்.

அன்னிக்கு ராத்திரி டார்ச்சை சுவரோட ஒட்டி சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தேன் (பகல்ல தெரியாத எழுத்துகூட இப்படிப் பார்த்தா நிழல் விழுந்து எழுந்து வரும்). 'சாவா மூவாப் பேரா' வரைக்கும் வருது, அப்புறம் மொழுமொழுன்னு ஆயிடுச்சு. கல்வெட்டு படிக்கிறவங்களுக்கு இது பழகின வார்த்தை. ஒரு நந்தா விளக்கு அணையாம எரிய பெரும்பாலும் 96 ஆடு குடுப்பாங்க, 90 குடுத்த இடமும் உண்டு, அதை வாங்கிக்கிட்டவர் செத்ததுக்குப் பதிலா குட்டியை வளர்த்து எண்ணிக்கை குறையாம பார்த்துக்கணும், தினமும் நெய் அளக்கணும், அதனாலதான் சாவா மூவாப் பேராடுன்னு பேரு. இங்க ஆடு குடுத்தது யாரு, எந்த ஊரு, யார் நினைவா குடுத்தாங்கன்னு இனி அந்தக் கல்லுல தேட முடியாது.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு வர்றவங்க, கோபுரத்து நிழல் கீழ விழாதாமே, உச்சில இருக்கறது 80 டன் ஒத்தைக் கல்லாமேன்னு கேப்பாங்க. நிழல் நல்லாவே விழுது, உச்சியும் பல கல்லைச் சேர்த்துக் கட்டினதுதான். நான் கதையைக் குறை சொல்லல, அது பாட்டி சொல்லி பேரன் கேட்டு எப்படியும் பிழைச்சுக்கும். ஆனா "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்", மத்தவங்க குடுத்ததும் கல்லிலே வெட்டுகன்னு ராஜராஜன் சொன்னது அந்தச் சுவர்லதான் இருக்கு, கட்டின பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரும், கோயில்ல ஆடின 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பேரும், யாருக்கு எந்தச் சிறகுல (தெருவோட வீட்டு வரிசைல) எத்தனாவது வீடுன்றதும் அங்கதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு ஆட்டக்காரியோட வீட்டு நம்பர்! நினைக்கும்போதே எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

ஓவியம் இன்னும் பாவம். அதே கோயில்ல கருவறையைச் சுத்தின உள்பாதைல நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல எஸ்.கே. கோவிந்தசாமிதான் கண்டுபிடிச்சாரு, அப்புறம் தொல்லியல் துறை நாயக்கர் படத்தை அலுங்காம உரிச்சு தனிப் பலகைல ஒட்டி ரெண்டையுமே காப்பாத்தினாங்க. சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்புல எழுதினது, காயக் காய வண்ணம் சுவரோடவே இறுகிடும், அதனாலதான் இத்தனை நாள் தாங்கியிருக்கு. உங்க ஊர் கோயில்லயும் வெள்ளை அடிச்ச சுவருக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், அதனால சுரண்டாதீங்க, எனாமல் பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீங்க, ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்து சாந்தோட பொரிஞ்சு விழும். சுதை வேலைக்கு சிமெண்டும் வேண்டாம், சுண்ணாம்புதான் சரி.

"அதான் கல்வெட்டு எல்லாத்தையும் படி எடுத்துட்டாங்களே"ன்னு கேப்பாங்க. 1887ல இருந்து மசியில ஒத்திப் படி எடுக்கறாங்க, உண்மைதான், ஆனா எடுத்ததுல நிறைய இன்னும் அச்சாகல, தரைக்கு அடியில புதைஞ்ச வரிகளைப் படியே எடுத்திருக்க மாட்டாங்க. சாண்ட் பிளாஸ்டிங் கூடாதுன்னு அறநிலையத்துறையே சொல்லியிருக்கு, அதை கமிட்டில எடுத்துச் சொல்லுங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ராத்திரில டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து தொல்லியல் துறைக்கு அனுப்புங்க, கிரானைட் தரை போட்டு அடிவரியை மூட விடாதீங்க.

அந்தப் பெரியவர்கிட்ட டார்ச்சைக் குடுத்து வடக்குச் சுவரைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தா நான் படிக்கப் படிக்க விரலால தொட்டுக்கிட்டே வந்தவரு, அவங்க ஊரோட பழைய பேரு வந்ததும் அப்படியே நின்னுட்டாரு. மறுநாள் காலைல கம்ப்ரஸரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மிச்ச மூணு பக்கத்தையும் மெல்லிசு பிரஷ்ஷும் தண்ணியும் கொஞ்சம் அமோனியாவும் வச்சு 19 நாள் கழுவினோம், கும்பாபிஷேகம் குறிச்ச தேதிலயே நடந்துச்சு.